ஆற்றலைப் பதுக்குதலும் அறமும்

அறுவடை முடிந்த கையோடு நெல்லை மலிவாக வாங்கிக் களஞ்சியத்தில் அடைத்துவிட்டு, விலை ஏறும் நாளை எதிர்பார்த்திருக்கும் வணிகனைக் கல்முனைக் கரையோரத்தில் எவரும் நல்லவன் என்று சொல்வதில்லை. போடியாராயினும், வட்டையிற் கூலிக்கு நிற்பவராயினும், பதுக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்பர். உண்பவனுக்கும் உணவுக்கும் இடையே ஒருவன் கதவை அடைத்துக்கொண்டு நிற்கின்றான் என்பதே அந்த வெறுப்பின் காரணம். ஆனால், பதுக்கப்படுவது நெல்லாக அல்லாமல் மனிதனாக, அதிலும் இளைஞன் ஒருவனின் ஆற்றலாக இருக்குமிடத்து, அதனை அதே கண்கொண்டு நோக்குவோர் அரியர். திறமைமிக்க இளைஞர் பலரைத் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கழகத்தை வளமான கழகம் என்றும், முன்யோசனையுள்ள கழகம் என்றும் புகழ்வதே உலக வழக்கு.

இவ்வழக்குச் சரியானதா என்பது ஆராயத்தக்கது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்ளலாம். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரையுள்ள ஊர்களில் வேகப்பந்து வீசவல்ல இளைஞர் இருபதின்மர் இருக்கின்றனர் எனக் கொள்வோம். பணவசதி படைத்த கழகம் ஒன்று அவ்விருபதின்மரையும் தன் பெயரிற் பதிவு செய்துவிடுகின்றது. சந்தாங்கேணி மைதானத்தில் ஆட்டம் நடைபெறும் நாளில் அவருள் மூவரோ நால்வரோ பந்து வீசுவர். எஞ்சியோர் வெள்ளை உடை தரித்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருப்பர். அவர்களாற் கழகத்துக்கு நேரடிப் பயன் யாதுமில்லை. ஆயினும் ஒரு பயன் உண்டு. அவர்கள் வேறெந்தக் கழகத்துக்கும் பயன்படமாட்டார்கள். தன்னிடம் இருப்பதால் வரும் நன்மையைக் காட்டிலும், பிறரிடம் இல்லாமையால் வரும் நன்மையை நாடி ஒன்றை வைத்திருப்பதே பதுக்கலின் இலக்கணம். நெல்லை அடைத்து வைப்பவனும் அதனை உண்பதற்காக அடைத்து வைக்கவில்லை.

இத்தகைய பதுக்கல் பெருந்தொழிலாக வளர்ந்ததும், அதனைத் தடுக்க முறையான சட்டங்கள் முதன்முதலில் எழுந்ததும் ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டிலாகும். அவ்விளையாட்டு நம்மவர்க்குப் பழக்கமற்றது. ஆயினும் அதன் விதிகள் எழுப்பும் கேள்வி எவ்வூர் மைதானத்துக்கும் உரியதே. சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் சென் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தின் நிருவாகியாகவிருந்த பிராஞ்ச் ரிக்கி என்பார், பணக்காரக் கழகங்களுடன் போட்டியிட்டு வீரரை விலைக்கு வாங்க இயலாத நிலையில், கீழ்நிலைக் கழகங்களைத் தாமே கைக்கொண்டு அவற்றில் இளைஞரை வளர்த்தெடுக்கும் ஏற்பாட்டினைத் தோற்றுவித்தார். அதற்குப் பண்ணை முறை என்றே பெயர். 1940ஆம் ஆண்டளவில் அக்கழகத்தின் பண்ணைகளில் நூற்றுக்கணக்கான இளைஞர் இருந்தனர். மேல்நிலை அணியில் இடமோ இருபத்தைந்து பேருக்கு மட்டுமே. எளியவன் வலியவனை எதிர்கொள்ளக் கண்டுபிடித்த ஆயுதம் பின்னர் எல்லா வலியவர் கையிலும் சென்று சேர்ந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அக்காலத்து ஒப்பந்தங்களில், வீரனைத் தொடர்ந்து தம்மிடமே வைத்திருக்கும் உரிமையைக் கழகத்துக்கு வழங்கும் வாசகம் ஒன்று இருந்தது. வீரன் விலக விரும்பினும் விலகல் இயலாது. வேறு கழகம் அழைப்பினும் செல்லல் இயலாது. விளையாட்டின் தலைமை ஆணையாளராகவிருந்த நீதிபதி லண்டிஸ் இப்பண்ணை முறையை வெறுத்தார். 1938இல் கார்டினல்ஸ் கழகத்தின் இளைஞர் பலரையும், 1940இல் டெட்ரோயிற் கழகத்தின் இளைஞர் தொண்ணூறுக்கு மேற்பட்டோரையும் விடுவித்து, அவர்கள் தாம் விரும்பிய கழகத்திற் சேரலாம் எனத் தீர்ப்பளித்தார். லண்டிஸ் எல்லா வகையிலும் நீதிமான் அல்லர். அவர் பதவியிலிருந்த காலம் முழுவதும் கறுப்பின வீரர் எவருக்கும் அவ்விளையாட்டின் மேல்நிலைக் கதவு திறக்கப்படவில்லை. எனினும் இத்தீர்ப்புக்களில் அவர் செய்த ஒன்றைக் குறித்து வைத்தல் வேண்டும். பதுக்கியவனிடமிருந்து பறித்தெடுத்ததை அவர் வேறொருவனிடம் கொடுக்கவில்லை. அந்த இளைஞர் கையிலேயே கொடுத்தார்.

பின்வந்த விதிகள் வேறு வழியிற் சென்றன. அவற்றுட் சிறந்ததொன்று ஐந்தாம் விதித் தெரிவு என வழங்குவது. அதன் இயல்பு வருமாறு: பதினெட்டு அல்லது அதற்குட்பட்ட வயதில் ஒப்பந்தமான இளைஞன் ஐந்து பருவங்களுக்குள், பத்தொன்பது அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் ஒப்பந்தமானவன் நான்கு பருவங்களுக்குள், கழகத்தின் நாற்பதின்மர் பட்டியலிற் சேர்க்கப்படல் வேண்டும். சேர்க்கப்படாவிடின், ஒவ்வோராண்டும் டிசெம்பரில் நிகழும் தெரிவில் வேறெந்தக் கழகமும் 100,000 டொலர் செலுத்தி அவனை எடுத்துக்கொள்ளலாம். தோல்வி மிகுந்த கழகங்கள் முன்னதாகவும் வெற்றி மிகுந்தவை பின்னதாகவும் தெரிவு செய்யும். எடுத்துக்கொண்ட கழகமோ அடுத்த பருவம் முழுவதும் அவனைத் தன் மேல்நிலை அணியில் வைத்திருத்தல் வேண்டும். இயலாவிடின், பாதி விலைக்குப் பழைய கழகத்துக்கே திருப்பிக் கொடுக்க முன்வரல் வேண்டும். பயன்படுத்து, அன்றேல் பிறர்க்கு விடு என்பதே இதன் சாரம்.

1954ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு தெரிவு இம்முறையின் வலிமையை உலகுக்குக் காட்டியது. புவேர்ட்டோ ரிக்கோத் தீவினரான ரொபேட்டோ கிளெமென்டே என்ற இளைஞரை அவ்வாண்டில் புறூக்லின் டொட்ஜர்ஸ் கழகம் 10,000 டொலர் முன்பணங் கொடுத்து ஒப்பந்தஞ் செய்தது. ஆயின் தன் மேல்நிலை அணியில் இடமளிக்காது மொன்றியலிலிருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. அங்கு அவர் 87 ஆட்டங்களில் 148 தடவைகளே துடுப்பெடுக்க நேர்ந்தது. பிற கழகங்களின் கண்ணிற் படாதபடி அவரை மறைத்து வைத்தனர் என்று ஒரு சாரார் கூறுவர். புதியவர்க்கு அவ்வளவே வாய்ப்புக் கிடைத்தல் இயல்பு என மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், அப்பருவத்தில் கடைசி இடத்திலிருந்த பிற்ஸ்பேர்க் பைரட்ஸ் கழகம் அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த தெரிவில் முதலாவதாக அவரையே எடுத்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் 124 ஆட்டங்களில் ஆடினார். பதினெட்டுப் பருவங்கள் அக்கழகத்துக்கே ஆடி, மூவாயிரம் அடிகளைப் பூர்த்தி செய்தார். 1972 டிசெம்பர் 31ஆந் திகதி நிக்கரகுவா நிலநடுக்கத்தாற் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிச் சென்ற விமானம் கடலில் வீழ்ந்ததில் உயிர் நீத்தார். பதுக்கலைத் தடுக்கும் விதி இல்லாதிருப்பின் இவ்வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கும் என எவராலும் அறுதியிட்டுக் கூறல் இயலாது. எனினும் இருபது வயது இளைஞனுக்கு ஓராண்டு என்பது எத்துணைப் பெரியது என்பதை உணர இவ்வரலாறு போதும்.

இதே நோக்கத்துடன் எழுந்த இன்னொரு விதியோ நேர்மாறான விளைவைத் தந்தது. பெருந்தொகை முன்பணம் பெற்ற இளைஞனைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பாது இரண்டு ஆண்டுகள் மேல்நிலை அணியிலேயே வைத்திருத்தல் வேண்டும் என 1953 தொடக்கம் 1957 வரை ஒரு நியதி இருந்தது. பணக்காரக் கழகங்கள் இளைஞரை வாங்கிக் குவிப்பதைத் தடுத்தலே அதன் குறிக்கோள். சாண்டி கூஃபாக்ஸ் என்ற பந்து வீச்சாளர் இதன் கீழ் டொட்ஜர்ஸ் அணியிற் சேர்ந்தார். 1955ஆம் ஆண்டில் அவர் பந்து வீசியவை பன்னிரண்டு ஆட்டங்கள் மட்டுமே. கீழ்நிலை அணியிலாயின் வாரந்தோறும் வீசிப் பழகியிருப்பார். மேல்நிலையிலோ, இருக்கையை நிரப்புவதே அவர் தொழிலாயிற்று. பிற்காலத்தில் அவ்விளையாட்டின் தலைசிறந்த வீச்சாளருள் ஒருவராக அவர் விளங்கினார் என்பது உண்மை. எனினும் அந்நிலையை எய்த ஆறேழு ஆண்டுகள் கழிந்தன. பட்டியலில் வைத்திருப்பது வேறு. ஆட விடுவது வேறு. சட்டம் முன்னதைக் கட்டாயப்படுத்தலாம். பின்னதைக் கட்டாயப்படுத்தும் வழி அதற்குத் தெரியாது. இந்நோக்கில் ஐந்தாம் விதித் தெரிவும் முழுக் குற்றமற்றது அன்று. எடுத்துக்கொண்ட கழகமும் அவ்விளைஞனை ஓராண்டு முழுதும் வெறுமனே அமர்த்தி வைத்தல் கூடும்.

பேஸ்போலில் 1965இல் அறிமுகமான மற்றொரு தெரிவு முறையை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் பலர். அது பாடசாலைகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வெளிவரும் இளைஞரைக் கழகங்கள் வரிசைக்கிரமமாகத் தெரிவு செய்யும் முறை. தொடக்கத்திற் கடைநிலைக் கழகத்துக்கு முதலிடம் இருந்தது. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் இம்முறை 1936இலேயே தோன்றிவிட்டது. (அங்கு முதன்முதலிற் தெரிவு செய்யப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டமே வேண்டாமென்று வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார். தெரிவு செய்யப்படுபவனுக்கும் தெரிவு ஒன்று உண்டு என்பதை முதல் ஆண்டிலேயே அவர் உணர்த்திவிட்டார் எனலாம்.) இதுவும் பதுக்கலைத் தடுக்கின்றது, பணம் படைத்த கழகம் சிறந்தோர் அனைவரையும் வாரிக்கொள்ளல் இதனால் இயலாது. ஆனால் இவ்விரு முறைகளும் ஒழுக்கவியல் நோக்கில் ஒன்றல்ல. டிசெம்பர் மாதத் தெரிவு, இளைஞன் மீது கழகம் கொண்ட பிடியைத் தளர்த்துகின்றது. பாடசாலை இளைஞரின் தெரிவோ, எவர் பிடியிலும் அகப்படாதிருந்தவனை ஒரே ஒரு கழகத்தின் பிடியிற் கொண்டுசென்று விடுகின்றது. அவனுக்குப் பேரம் பேச ஒருவரே உளர். முன்னையது களஞ்சியத்தின் கதவைத் திறக்கின்றது. பின்னையது களஞ்சியங்களுக்கிடையே மூட்டைகளைச் சமமாகப் பங்கிடுகின்றது. மூட்டைக்கு வாயில்லை என்பதே இரண்டாவதன் எடுகோள்.

இவ்விடத்திற் தத்துவவாதிகளின் வழக்கொன்று குறுக்கிடுகின்றது. 1971இல் வெளிவந்த தமது நூலில் ஜோன் றோல்ஸ், பிறவியில் வாய்த்த திறமைகளின் பகிர்வை எவரும் தாம் உழைத்துப் பெற்ற உரிமையெனக் கொள்ளல் தகாது என்றும், அதனைச் சமூகத்தின் பொதுச் சொத்துப்போலக் கருதி, நலிந்தோரும் பயன்பெறும் வகையில் நிறுவனங்களை அமைத்தல் வேண்டும் என்றும் வாதித்தார். மூன்றாண்டுகளின் பின் ரொபேட் நொசிக் அதனை மறுத்தெழுந்தார். அவர் எடுத்தாண்ட உதாரணம் வில்ற் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரர். அவருடைய ஆட்டத்தைக் காண்போர் ஒவ்வொருவரும் நுழைவுச் சீட்டிலிருந்து இருபத்தைந்து சதத்தை அவருக்கென மனமுவந்து கொடுப்பின், அதனால் அவர் செல்வராவதை எந்த நீதி தடுக்கும் என்பது நொசிக்கின் வினா. இவ்வினாவைப் பயில்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. சேம்பர்லின் உண்மையில் ஆடியது முறைவழித் தெரிவு நடைமுறையிலிருந்த சங்கமொன்றில். சுதந்திரமான ஒப்பந்தத்துக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவர் தம் கழகத்தைத் தாமே சுதந்திரமாகத் தெரிவு செய்தவரல்லர்.

தெரிவு முறைக்கு ஆதரவாக றோல்ஸை அழைப்போர் உளர். திறமை பொதுச் சொத்தெனின், அதனைக் கழகங்களிடையே பங்கிடுதல் முறைதானே என்பர். ஆயின் நலிந்தோர் என அவர் கருதியது மனிதரையன்றி, மனிதர் சேர்ந்து நடத்தும் வணிக நிறுவனங்களையன்று. கடைசியிடத்திலிருக்கும் கழகத்தின் உரிமையாளர் நலிந்தவர் அல்லர். முதலாவதாகத் தெரிவாகும் பதினெட்டு வயது ஏழை இளைஞனே பெரும்பாலும் அங்கு நலிந்தவன். நலிவுக்கு உதவும் விதியென்று சொல்லிக்கொண்டு, செல்வர் ஒருவருக்கு உதவும் பொருட்டு ஏழை ஒருவனின் தெரிவைக் குறைப்பது அவ்வாதத்தைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

வேறொரு மரபில் இப்பிரச்சினைக்குத் தெளிவான விடை நெடுங்காலத்துக்கு முன்னரே கிடைத்திருக்கின்றது. இஸ்லாமியச் சட்டவியலில் பதுக்கலை இஹ்திகார் என்பர். அது உணவுப் பொருள்களுக்கு மட்டும் உரியதென்று சட்ட அறிஞர் சிலர் கொண்டனர். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அபூ யூஸுப் அவ்வரையறையை விரித்து, எப்பொருளைத் தடுத்து வைப்பது பொதுமக்களுக்குத் தீங்காகுமோ அதனைத் தடுத்து வைப்பதெல்லாம் பதுக்கலே எனக் கருதினார். இன்னும் பொருத்தமானது தரிசு நிலம் பற்றிய விதியாகும். எவருக்கும் உரித்தற்ற தரிசை உழைத்து உயிர்ப்பிப்பவன் அதற்கு உரியவனாகின்றான். ஆனால் கல்லை நட்டு எல்லை குறித்துவிட்டு உழாமல் விடுபவனுக்கு அவ்வுரிமை நிலைப்பதில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தும் பயிரிடாதவனுக்கு அந்நிலத்தில் உரிமையில்லை என்பது கலீபா உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பாகக் கொள்ளப்படுகின்றது. பிலால் இப்னு அல்-ஹாரிஸ் என்பாருக்கு நபி (ஸல்) அவர்களே வழங்கியிருந்த அகீக் நிலத்தில், அவராற் பயிரிட இயலாதிருந்த பகுதியை உமர் மீளப்பெற்று மக்களுக்குப் பகிர்ந்தளித்தார் என்ற செய்தியும் உண்டு. வழங்கியவர் எத்துணை உயர்ந்தவராயினும், பயன்படுத்தாதவனின் உரிமை காலவரையறைக்கு உட்பட்டதே என்பது இதன் கருத்து.

எல்லைக் கல்லுக்கு மூன்று ஆண்டு. பேஸ்போல் ஒப்பந்தத்துக்கு நான்கு அல்லது ஐந்து பருவம். ஆயிரத்து முந்நூறு ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள், வைத்திருத்தல் வேறு பயன்படுத்தல் வேறு என்ற அதே வேறுபாட்டை அதே கருவியால் அளந்திருக்கின்றன. உடைமையின் நியாயம் உழைப்பிலேயே தங்கியிருக்கின்றது என்றும், உழைப்பு நின்றால் கால ஓட்டத்தில் நியாயமும் தேய்கின்றது என்றும் இரண்டும் ஏற்கின்றன. கல்லோயா வாய்க்காலில் நீரை மறித்து வைத்திருக்கும் மேல்வயற்காரனிடம் கீழ்வயற்காரன் தொடுக்கும் வழக்கும் இதுவே. உன் வயல் நனைந்த பின்னரும் ஏன் மடையை மூடி வைத்திருக்கின்றாய் என்றே அவன் கேட்கின்றான்.

ஆனால் ஒப்புமை ஓர் எல்லைவரைதான் செல்லும். நிலம் தன்னை யார் உழ வேண்டுமென்று விரும்புவதில்லை. பயிரிடாதவனிடமிருந்து மீளப்பெறப்படும் நிலம் பொதுவுக்குத் திரும்புகின்றது. பின் வேறொருவன் கைக்குச் செல்கின்றது. இளைஞனோ பதுக்கியவனிடமிருந்து மீளும்போது எங்கே திரும்புகின்றான்? அவன் தனக்கே திரும்புதல் வேண்டும். ஐந்தாம் விதித் தெரிவு பாதி வழி வந்து நின்றுவிடும் இடம் இதுதான். காலவரையறை இட்டது சரி. இட்ட பின் அவனை இன்னொரு கழகத்திடம் ஒப்படைத்தது சரியன்று. அன்று லண்டிஸ் செய்ததே முறை.

இதற்கு எழக்கூடிய மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இளைஞனை அவன் விருப்புக்கு விட்டால் அவன் பணம் மிகுந்த கழகத்தையே நாடுவான். பதுக்கியவனிடமிருந்து விடுபட்டவன் வேறொரு பதுக்குவோனிடம் தானாகவே போய்ச் சேருவான். ஆட்டத்திற் சமநிலை அழிந்தாற் பார்ப்போர் குறைவர். பார்ப்போர் குறைந்தால் எல்லா வீரரின் வாழ்வும் கெடும் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அதற்குரிய மருந்து வைத்திருப்பவனின் கொள்ளளவைக் குறைப்பதேயன்றி, போகின்றவனின் வழியை அடைப்பதன்று. ஒரு கழகம் இத்தனை பேரையே வைத்திருக்கலாம் என வரையறுத்துவிட்டால், எத்துணைச் செல்வமிருந்தும் இருபத்தாறாவது ஆளை அதனால் வாங்கவியலாது. கழகங்களுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வு நீங்க வேண்டுமெனின், ஒளிபரப்பு வருமானத்தைப் பங்கிடலாம். பணத்தைப் பங்கிடுவதால் எவருடைய வாழ்வும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கட்டாயமாகப் பெயர்க்கப்படுவதில்லை.

அண்டை நாடான இந்தியாவில் 2008இல் தொடங்கிய பிரிமியர் லீக் துடுப்பாட்டத்தில் இவ்விரு போக்குக்களும் கலந்து கிடக்கின்றன. ஓர் அணி இருபத்தைந்து வீரருக்கு மேல் வைத்திருக்கலாகாது. செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. தொலைக்காட்சி வருமானத்தின் ஒரு பங்கு எல்லா அணிகளுக்கும் பகிரப்படுகின்றது. இவையாவும் நற்செயல்களே. ஆயின் வீரன் எவ்வணியிற் சேர்வதென்பதை ஏலத்தின் சுத்தியல் தீர்மானிக்கின்றது. முதலாவது ஆண்டில், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் வென்ற இந்திய இளைஞருக்குத் தனியானதொரு முறைவழித் தெரிவு நடத்தப்பட்டது. டெல்லி அணி தன் ஊரவரான விராட் கோஹ்லியை விடுத்துப் பிரதீப் சங்வானைத் தெரிவு செய்தது. கோஹ்லி பெங்களூருக்குச் சென்றார். அது அவருக்கு நன்மையாகவே முடிந்தது என்பர். முடிவு நன்றாயிருந்தமையால் முறையும் நன்றெனக் கொள்ளல் தருக்கப் பிழையாகும்.

2010ஆம் ஆண்டில் ரவீந்திர ஜடேஜா அப்பருவம் முழுவதும் ஆடவொண்ணாது தடுக்கப்பட்டார். ராஜஸ்தான் அணியின் புதிய ஒப்பந்தத்திற் கையெழுத்திடாது மும்பை அணியுடன் பேரம் பேசினார் என்பது அவர் மீது சாட்டப்பட்ட குற்றம். விதியை மீறினார் என்பது சரி. ஆனால் வேறெத்தொழிலிலும் அதிக ஊதியந் தரும் இடத்தை ஒருவன் நாடுவது குற்றமெனப்படுமா? அடுத்த ஆண்டில், தேசிய அணியில் ஆடாத இந்திய இளைஞர் ஏலத்திற் சேர்க்கப்படாது, 10 முதல் 30 இலட்சம் இந்திய ரூபா வரையான நிலையான ஊதியப் படிகளுக்குள் வைக்கப்பட்டனர். செல்வமிக்க அணிகள் இளைஞரைக் கவர்ந்து செல்வதைத் தடுப்பதற்கென்று சொல்லப்பட்ட இந்த ஏற்பாட்டால் உண்மையிற் சேமித்தவர்கள் அணி உரிமையாளர்களே. வரம்புக்கு மேற் பணம் கேட்டதாக மனிஷ் பாண்டே நான்கு ஆட்டங்களுக்குத் தடுக்கப்பட்டார். பதுக்கல் தடுப்பு என்ற பெயரால் எழும் விதி ஒவ்வொன்றையும் பார்த்து, இதனால் மிஞ்சும் பணம் யார் பையிற் சேர்கின்றது என்று கேட்டல் நன்று.

வெளிநாட்டு வீரர் நிலை இன்னும் நுணுக்கமானது. ஓரணி எண்மரை வைத்திருக்கலாம்; ஒரு நேரத்தில் ஆடக்கூடியோர் நால்வரே. எனவே எண்மரையும் நிரப்பிய அணியில் நால்வர் எப்பொழுதும் அமர்ந்திருக்க நேரிடும். யார் அமர்வது என்பதில் மட்டுமே மாற்றம் உண்டு. 2024ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து இளைஞரான விஜயகாந்த் வியாஸ்காந்த், காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் அணியில் இடம்பெற்றுச் சில ஆட்டங்களில் ஆடினார். முன்னர் 2020 டிசெம்பரில், இலங்கையில் அவ்வாண்டு தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக அவர் ஆடியமை பலர் கவனத்தை ஈர்த்திருந்தது. தன் பிரதேசத்தின் பெயரில் ஓரணி இருந்தமை அவருக்குப் படியாயிற்று. அந்த லீக்கில் 2020 முதல் 2024 வரை நடைபெற்ற ஐந்து சுற்றுக்களிலும் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து அணிகளே பங்குபற்றின. கிழக்கு மாகாணத்துக்கு அணி இல்லை. தெரிவு முறையாயினும் ஏலமாயினும், இருக்கும் அணிகளிடையேதான் அவை நீதி செய்யும்; மேசைக்கு அழைக்கப்படாதவர்க்கு அவற்றால் ஆவது யாதுமில்லை. அக்கரைப்பற்றிலோ சம்மாந்துறையிலோ பந்து வீசும் இளைஞனின் குறை, தன்னை யாரோ பதுக்கி வைத்திருக்கின்றனர் என்பதன்று. பதுக்கவேனும் ஒருவர் வந்திலர் என்பதே. அது வேறு வகை அநீதி.

கல்வித் துறையிலிருந்து ஓர் ஒப்பீட்டைத் தவிர்த்தல் இயலாது. பல்கலைக்கழக வாசகர் மனத்தில் அது ஏற்கெனவே எழுந்திருக்கும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு அறிமுகமானது தொடக்கம் பல்கலைக்கழக அனுமதி பற்றி நடந்த வாதங்கள் கசப்பு மிகுந்தவை. தரப்படுத்தலால் வாய்ப்பிழந்தோரின் துயரம் இந்நாட்டு வரலாற்றில் ஆறாத வடுவாகும். இன்று பல பாடநெறிகளுக்கு நூற்றுக்கு நாற்பது அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து மாவட்ட அடிப்படையிலும், ஐந்து கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வழங்கப்படுகின்றது. அம்பாறை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இதனையும் விளையாட்டு வீரர் தெரிவையும் ஒன்றெனக் கூறுவோர் பிழைபடுகின்றனர். மாவட்ட ஒதுக்கீட்டில் நன்மை பெறுபவன் மாணவன். அவன் எந்தக் கழகத்துக்கும் உரிமையாவதில்லை. அவ்வேற்பாட்டை ஆதரிப்பினும் எதிர்ப்பினும், வாதம் மாணவனுக்கும் மாணவனுக்கும் இடையிலானது. வீரர் தெரிவில் நன்மை பெறுவது நிறுவனம், சுமப்பவன் இளைஞன்.

உண்மையான ஒப்புமை ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் உள்ளது. வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் வழங்குவதோடு, புள்ளி மிகுந்த பிள்ளையைப் பிரபல பாடசாலைக்கு ஏற்றிவிடும் ஏணியாகவும் அது அமைந்துவிட்டது. ஆண்டுதோறும் சிற்றூர்ப் பாடசாலைகள் தம் முதல்தரப் பிள்ளைகளை இழக்கின்றன. அவ்விழப்பைக் காட்டிப் பிள்ளையைப் போகாதே என்று தடுக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது, வரவுங்கூடாது. ஆனால் சென்றடைந்த பாடசாலையில் அப்பிள்ளை அணியின் பன்னிரண்டாவது ஆளாகவும், விவாதக் குழுவின் மேலதிக உறுப்பினனாகவும், பெயர்ப் பட்டியலை அழகுபடுத்துபவனாகவும் மட்டும் இருந்துவிடுமாயின், அந்தக் கணக்கை யார் எடுக்கின்றனர்? சேர்க்கும் உரிமைக்குக் காலவரையறையும் பொறுப்பும் இல்லை.

ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் இவ்வினா அண்மையிற் சற்று வலுப்பெற்றிருக்கின்றது. செல்சி போன்ற கழகங்கள் ஒரே நேரத்தில் நாற்பது பேர்வரை ஒப்பந்தஞ் செய்து பிற கழகங்களுக்கு இரவலாகக் கொடுத்திருந்தன. சிலர் ஆண்டுக்கோர் ஊராக அலைந்து, தம்மை வாங்கிய கழகத்தின் மைதானத்தில் ஒருநாளும் ஆடாமலே இளமையைக் கழித்தனர். 2022இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் சர்வதேச இரவலுக்கு வரம்பிட்டு, முதலில் எட்டு, பின் ஏழு, 2024ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து ஆறு எனக் குறைத்தது. ஆயினும் இருபத்தொரு வயது வரையிலானோரும் கழகத்திலேயே பயின்றவர்களும் இவ்வெண்ணிக்கையிற் சேர்க்கப்படுவதில்லை. பதுக்கலுக்கு மிகுதியும் ஆளாகும் வயதினரே விதிக்கு வெளியே நிற்கின்றனர். வளரும் பிள்ளைக்கு ஆட வாய்ப்பு வேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அது போலிக் காரணமன்று. கூஃபாக்ஸின் கதையை அறிந்தோர் அதனை மறுக்கார். இவ்விடத்தில் விதி செய்வோர் உண்மையாகவே இருதலைக்கொள்ளி எறும்பாகின்றனர்.

ஒருவேளை குறை விதியின் சொற்களில் இல்லாமல், அதனை எழுதுவோரிடத்தில் இருக்கலாம். பேஸ்போலின் கீழ்நிலை வீரர் பற்றிய நியதிகளை முக்காற் பங்கு நூற்றாண்டுக்கு மேலாகக் கழக உரிமையாளர்களும், பிற்காலத்தில் அவர்களோடு மேல்நிலை வீரரின் சங்கமும் பேசித் தீர்த்தனர். பண்ணைகளிலிருந்த இளைஞருக்கு அங்கே வாயில்லை. 2022இல் அவர்கள் பெருந்தொகையாகச் சங்கத்தில் இணைந்தனர். 2023 மார்ச்சில் எட்டப்பட்ட முதலாவது கூட்டு உடன்பாட்டில் ஊதியங்கள் இரட்டிப்பையும் கடந்து உயர்ந்தன. அதன் பின்னர் பத்தொன்பது வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமாகும் இளைஞனைக் கழகம் பிடித்து வைத்திருக்கக்கூடிய காலம் ஏழு ஆண்டிலிருந்து ஆறாகக் குறைந்தது. கல்முனைக் கரையோரத்துக் கழகங்களின் யாப்புகளை எடுத்துப் பார்ப்பின், பதிவு, விடுவிப்பு, இடமாற்றம் பற்றிய பிரிவுகளைத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் கூடி எழுதியிருப்பர். பதினெட்டு வயதுப் பந்து வீச்சாளன் அக்கூட்டத்தில் தேநீர் பரிமாறியிருக்கக்கூடும்.